பூட்டு உடையவில்லை, பாஸ்வேர்டு போய்விட்டது: நோட்ஸ் செயலியில் கடவுச்சொல் வைத்திருந்த ஒருவரின் நிகழ்வு ஆய்வு

தன்னுடைய பாஸ்வேர்டுகளை எல்லாம் என்கிரிப்ட் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம்) செய்யும் நோட்ஸ் செயலி ஒன்றில் வைத்திருந்த நண்பரின் மின்னஞ்சல் கணக்கு ஒரு நாள் மாலை அவர் கையை விட்டுப் போனது. இரவுக்குள் இன்னொரு கணக்கும் போனது. செயலியை யாரும் உடைக்கவில்லை, போன் தொலையவில்லை, சர்வரிலிருந்து எதுவும் கசியவில்லை. அப்படியிருந்தும் எப்படிப் போனது என்று அவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். அவர் யாரென்று தெரியக்கூடிய விவரங்களையும், அந்தச் செயலி, மின்னஞ்சல் சேவை இரண்டின் பெயர்களையும் விட்டுவிட்டேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல நோட்ஸ் செயலிகளின் குறியாக்கத்தில் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாஸ்வேர்டு உள்ளே கிடக்கும் வரை அது பத்திரம்தான். ஆனால் பாஸ்வேர்டை யாரும் உள்ளேயே வைத்திருப்பதற்காகச் சேமிப்பதில்லை, தினமும் வெளியே எடுக்கிறோம், காப்பி செய்கிறோம், ஏதோ ஒரு பக்கத்தில் ஒட்டுகிறோம். அந்தச் சில நொடிகளில் நோட்ஸ் செயலி எதையும் பார்த்துக்கொள்வதில்லை, முழுப் பொறுப்பும் மனிதர் தலையில் விழுகிறது. போனின் சின்னத் திரையில் அந்தப் பொறுப்பைச் சுமப்பது கம்ப்யூட்டரில் சுமப்பதை விடக் கஷ்டம்.

அவர் வைத்திருந்த முறை

அவர் அலட்சியமான ஆள் இல்லை, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். முன்பு எல்லா இடத்திலும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தவர், அது ஆபத்து என்று தெரிந்ததும் தானாகவே மாறினார். எண்ட் டு எண்ட் என்கிரிப்ஷன் (செயலி நிறுவனமே படிக்க முடியாத குறியாக்கம்) உள்ள செயலியாகத் தேடிப் பிடித்தார், கைரேகைப் பூட்டு போட்டார், போனிலும் டேப்லெட்டிலும் சிங்க் செய்துகொண்டார். எல்லாம் ஒரே குறிப்பில் இருந்தது. ஒரு வரியில் சேவையின் பெயர், அதை அடுத்துப் பயனர் பெயர், ஒரு சாய்கோடு, பாஸ்வேர்டு. அதே குறிப்பின் அடியில் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான பேக்கப் குறியீடுகள், பாதுகாப்புக் கேள்விகளுக்கான பதில்கள், கார்டின் பின் எண்.

பாஸ்வேர்டுகளைச் சேமித்து, உரிய பக்கத்தில் தானே நிரப்பும் பாஸ்வேர்டு மேனேஜர் செயலி ஏன் வைத்துக்கொள்ளவில்லை என்று கேட்டேன். "எல்லாத்தையும் ஒரே கம்பெனிகிட்ட கொடுத்து, அவங்க சர்வர் போச்சுன்னா? லாஸ்ட்பாஸுக்கு ஆச்சே" என்றார். நியாயமான பயம்தான். அதனால் அந்தச் சம்பவத்தையும் கொஞ்சம் பார்த்துவிடலாம், ஏனென்றால் அதில் நோட்ஸுக்கும் ஒரு பங்கு உண்டு.

2022 ஆகஸ்டில் லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்டு மேனேஜர் நிறுவனத்தின், மென்பொருள் எழுதும் டெவலப்பர் சூழலுக்குள் ஊடுருவியவர்கள், அங்கே கிடைத்த தகவலை வைத்து அடுத்த கட்டமாக அந்நிறுவனத்தின் மூத்த பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கம்ப்யூட்டரைக் குறிவைத்தார்கள். அதில் இருந்த ஒரு மீடியா மென்பொருளின் ஓட்டை வழியாக உள்ளே போய், தட்டச்சு செய்வதைப் பதிவுசெய்யும் கீ லாகர் வைத்து, பெட்டகம் முழுவதையும் திறக்கும் அவருடைய மாஸ்டர் பாஸ்வேர்டையே பிடித்துவிட்டார்கள். வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டுகள் அடங்கிய பெட்டகங்களின் பேக்கப் நகல்கள் களவுபோயின என்று 2022 டிசம்பர் 22 அன்று நிறுவனமே அறிவித்தது. அந்த நகல்களில் இணையதள முகவரிகள் குறியாக்கம் இல்லாமலே இருந்தன. பயனர் பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பான குறிப்புகள் என்று பெயரிடப்பட்ட நோட்ஸ் ஆகியவை 256 பிட் ஏஇஎஸ் குறியாக்கத்தில் இருந்தன. இனி எல்லாம் அவரவர் மாஸ்டர் பாஸ்வேர்டின் வலிமையைப் பொறுத்தது என்கிற நிலை. சில பழைய கணக்குகளில் மாஸ்டர் பாஸ்வேர்டிலிருந்து சாவியை உருவாக்கும் கணக்கீட்டுச் சுற்றுகள் (இவை கூடக் கூட ஊகித்து உடைப்பது மெதுவாகும்) 5,000 என்றும், அதைவிடக் குறைவாகவும்கூட விடப்பட்டிருந்தன. புதிய கணக்குகளுக்கு அப்போது 1,00,100. மென்பொருள் பாதுகாப்புக்கு வழிகாட்டும் ஓவாஸ்ப் அமைப்பு இப்படிச் சாவி உருவாக்கும் பிபிகேடிஎஃப்2 முறைக்குப் பரிந்துரைப்பது 6,00,000. வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள்.

இதில் நம் விஷயத்துக்கு நெருக்கமானது பிறகு வந்த பகுதி. 2023 செப்டம்பரில் பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸ் வெளியிட்ட செய்தியில், 150-க்கும் மேற்பட்டவர்களிடமிருந்து மூன்றரைக் கோடி டாலருக்கும் மேல் கிரிப்டோ திருடு போனதை ஆய்வாளர்கள் தொடர்ந்து பார்த்ததாகவும், பாதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் பொதுவான ஒன்று, வாலெட்டைத் திறக்கும் சொற்தொடரை லாஸ்ட்பாஸில் சேமித்து வைத்திருந்தது என்றும் இருந்தது. மாற்ற முடியாத ரகசியத்தை, நகல் எடுத்துக்கொண்டு போய் வருடக்கணக்கில் உட்கார்ந்து உடைத்துப் பார்க்கக்கூடிய இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. பாஸ்வேர்டை இன்றே மாற்றிவிடலாம், வாலெட் சொற்தொடரை மாற்ற முடியாது, புதிய வாலெட்டுக்குப் பணத்தை நகர்த்தினால்தான் உண்டு.

ஆனால் நண்பரின் வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. நோட்ஸ் செயலியும் சிங்க் ஆகிறது. அதன் சர்வரிலும் குறியாக்கம் செய்த நகல் ஒன்று இருக்கிறது, அதைத் திறப்பதும் ஒரு மாஸ்டர் பாஸ்வேர்டுதான். லாஸ்ட்பாஸுக்கு வந்த ஆபத்து கொள்கையளவில் இதற்கும் வரலாம். செயலியின் பெயரில் நோட்ஸ் என்று இருப்பதால் அந்த ஆபத்து குறைந்துவிடுவதில்லை. நோட்ஸ் நிறுவனங்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2013 மார்ச்சில் எவர்நோட்டுக்குள் ஊடுருவல் நடந்தபோது சுமார் 5 கோடிப் பயனர்களும் பாஸ்வேர்டை மாற்றியாக வேண்டும் என்று அந்நிறுவனம் அறிவித்தது.

அந்த மாலை

அவருக்கு ஒரு மெசேஜ் வந்தது, மின்னஞ்சல் கணக்கின் சேமிப்பிடம் நிரம்பிவிட்டது, இன்றைக்குள் உறுதிசெய்யாவிட்டால் புதிய மின்னஞ்சல்கள் திரும்பிப் போகும் என்று. உண்மையிலேயே அவருடைய சேமிப்பிடம் நிரம்பும் நிலையில்தான் இருந்தது, அதனால் சந்தேகமே வரவில்லை. லிங்க்கைத் தொட்டார். மெசேஜ் செயலியின் உள்ளேயே ஒரு சின்ன பிரவுசர் திறந்தது. மேலே பெரிய எழுத்தில் சேவையின் பெயர், அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் முகவரி. அந்த முகவரியைப் பிறகு நிதானமாகப் பார்த்தோம். சேவையின் பெயர், அடுத்து ஒரு சிறு கோடு, அடுத்து உறுதிசெய்யச் சொல்கிற ஒரு சொல். ஓடுகிற ஓட்டத்தில் பார்த்தால் யாருக்கும் சரியாகத்தான் தெரியும்.

பாஸ்வேர்டு கேட்டது. அவர் நோட்ஸ் செயலிக்குப் போனார், கைரேகை வைத்தார், குறிப்பைத் திறந்தார், வரியைக் கண்டுபிடித்தார், விரலை அழுத்திப் பிடித்தார். போனில் ஒரு சொல்லை மட்டும் தேர்ந்தெடுப்பது எவ்வளவு எரிச்சலான வேலை என்று உங்களுக்கே தெரியும். பாஸ்வேர்டில் ஒரு புள்ளியோ கோடோ இருந்தால் பாதிதான் பிடிபடும், இரண்டு பக்கமும் இருக்கும் நீலப் பிடிகளை இழுத்து இழுத்துச் சரிசெய்ய வேண்டும், கடைசியில் ஒரு இடைவெளியும் சேர்ந்து வந்துவிடும். அவருக்கும் முதல்முறை சாய்கோடும் சேர்ந்து வந்ததாம். திரும்பப் போய், சரியாகப் பிடித்து, காப்பி செய்து, மறுபடி மெசேஜ் செயலிக்கு வந்து ஒட்டினார்.

இந்த இடத்தில்தான் நான் நிறுத்தி யோசித்தேன். இவ்வளவு நேரமும் அவருடைய முழுக் கவனமும் எங்கே இருந்தது? நீலப் பிடிகளில். அந்த இடைவெளி சேர்ந்துவிட்டதா என்பதில். முகவரியைப் பார்க்க ஒரு நொடிகூட மிச்சமில்லை. பாதுகாப்புக்காக அவர் எடுத்துக்கொண்ட சிரமமே, எந்த இடத்தைக் கவனித்திருக்க வேண்டுமோ அங்கிருந்து கண்ணைத் திருப்பிவிட்டது. அதோடு இன்னொன்று. கைரேகை வைத்துத் திறந்த பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறோம் என்பதே அவருக்கு ஒரு பத்திர உணர்வைக் கொடுத்திருக்கிறது, கொடுக்கிற இடம் எது என்பது அந்த உணர்வில் மறைந்துபோயிற்று.

பாஸ்வேர்டுக்குப் பிறகு ஓடிபி கேட்டது, அதையும் போட்டார். போலிப் பக்கத்துக்குப் பின்னால் இருந்தவர்கள் அதே நேரத்தில் உண்மையான பக்கத்தில் அதை இட்டு உள்ளே போய்விட்டார்கள். மீட்பு மின்னஞ்சலையும் போன் எண்ணையும் மாற்றினார்கள், பேக்கப் குறியீடுகளைப் புதிதாக உருவாக்கினார்கள். புதிதாக உருவாக்கினால் பழையவை செல்லாது, ஆக குறிப்பில் பத்திரமாக வைத்திருந்த குறியீடுகள் அந்தக் கணத்திலேயே வெறும் எண்களாகிவிட்டன.

இரண்டாவது கணக்கு போனதற்குக் காரணம் வேறு. நோட்ஸ் செயலி பாஸ்வேர்டை உருவாக்கித் தராது, நாமேதான் யோசித்து எழுத வேண்டும். அவர் யோசித்தது, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சொல், அதன் வாலில் சேவையின் பெயரிலிருந்து மூன்று எழுத்து, ஒரு எண். குறிப்பில் பார்த்தால் ஒவ்வொன்றும் வேறு வேறு. ஒன்று மட்டும் வெளியே போனால் போதும், மற்றவை எல்லாம் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லிவிடலாம். மின்னஞ்சலுக்குள் இருந்த ரசீதுகளைப் பார்த்தே அவருக்கு எங்கெங்கே கணக்கு இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதில் ஒன்றில் அதே பாணியில் முயன்று நுழைந்திருக்கிறார்கள்.

மின்னஞ்சல் திரும்பக் கிடைத்தது. மீட்பு எண்ணை மாற்றிய பிறகும் சில நாட்கள் வரை பழைய எண்ணை ஏற்றுக்கொள்ளும் வழி அந்தச் சேவையில் இருந்தது, அவரும் அன்றிரவே கவனித்துவிட்டார். தாமதமாகியிருந்தால் கதை வேறு.

பூட்டைப் பற்றி

"எல்லாம் என்கிரிப்ட் ஆகித்தானே இருக்கு, அப்புறம் எப்படி?" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். அதனால் பூட்டு என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை என்பதை அவருக்குச் சொன்ன மாதிரியே இங்கும் சொல்லிவிடுகிறேன்.

நோட்ஸ் செயலிகளில் பூட்டு என்ற ஒரே பெயரில் மூன்று வேறு விஷயங்கள் உலவுகின்றன. முதலாவது வெறும் திரைப் பூட்டு. பின் எண்ணோ கைரேகையோ கேட்கும், ஆனால் உள்ளே இருக்கும் தரவு சாதாரணமாகத்தான் கிடக்கும். இரண்டாவது, சிங்க் ஆகும் வழியில் மட்டும் குறியாக்கம். ஜாப்லின் என்ற செயலி இந்த வகை. சர்வருக்குப் போகும்போது எண்ட் டு எண்ட் குறியாக்கம் உண்டு, ஆனால் சாதனத்தில் இருக்கும் அதன் தரவுத்தளம் சாதாரண வடிவில்தான் இருக்கும். அதை அவர்கள் ஒளிக்கவும் இல்லை, போனின் சொந்தக் குறியாக்கத்தை நம்பி விடுகிறார்கள், போனில் அது ஓரளவு நியாயமும்கூட. மூன்றாவது, சாதனத்திலும் சர்வரிலும் குறிப்பின் உள்ளடக்கமே குறியாக்கத்தில் இருப்பது. ஸ்டாண்டர்டு நோட்ஸ், நோட்ஸ்நூக் போன்றவை எக்ஸ்சாச்சா20 குறியாக்கத்தையும், பாஸ்வேர்டிலிருந்து சாவி உருவாக்க ஆர்கான்2 முறையையும் பயன்படுத்துகின்றன. ஆர்கான்2 என்பது 2015-ல் பாஸ்வேர்டு ஹேஷிங் போட்டியில் வென்ற முறை, ஒவ்வொரு முயற்சிக்கும் நிறைய நினைவகம் கேட்கும் என்பதால் கிராபிக்ஸ் கார்டுகளை வரிசையாக அடுக்கி உடைப்பது செலவு பிடித்த காரியமாகிவிடும். கூகுள் கீப் இந்த மூன்றாம் வகையில் வராது. பாஸ்வேர்டு எழுதி வைக்க அது இடமே இல்லை.

ஆப்பிள் நோட்ஸில் பூட்டிய குறிப்பு நன்றாகவே குறியாக்கம் ஆகிறது, ஆனால் தலைப்பு பட்டியலில் தெரியும். பலர் முதல் வரியிலேயே பாஸ்வேர்டை எழுதிவிடுகிறார்கள், முதல் வரிதான் தலைப்பாகிறது. ஐஓஎஸ் 16-லிருந்து போனின் பாஸ்கோடை வைத்தே குறிப்புகளைப் பூட்டலாம். வசதிதான், ஆனால் அதில் எனக்கு உடன்பாடில்லை. 2023-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதிய செய்திகள் நினைவிருக்கலாம், பொது இடத்தில் ஒருவர் பாஸ்கோடு அடிப்பதைப் பின்னாலிருந்து பார்த்து வைத்துக்கொண்டு, அப்புறம் போனைப் பறிக்கும் கும்பல்களைப் பற்றி. அந்த ஆறு இலக்கம் தெரிந்தால் போனும் குறிப்பும் சேர்ந்து திறக்கும். ஆப்பிள் 2024 ஜனவரியில் ஐஓஎஸ் 17.3-ல் களவுபோன சாதனத்துக்கான பாதுகாப்பு என்று ஒரு வசதி கொண்டுவந்தது, அதைக் கட்டாயம் போட்டு வையுங்கள். குறிப்புக்குத் தனிப் பாஸ்வேர்டு வைப்பது இன்னும் நல்லது, மறந்துபோனால் ஆப்பிளாலும் திறந்து தர முடியாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு.

நண்பருடையது மூன்றாம் வகைச் செயலி. மாஸ்டர் பாஸ்வேர்டும் நீளமானது. அதனால்தான் பூட்டு கடைசிவரை தாங்கியது.

போனைத் துருவியபோது

கணக்கு திரும்பக் கிடைத்த பிறகு, அந்தக் குறிப்பில் இருந்தவை வேறு எங்கெல்லாம் சிதறியிருக்கின்றன என்று போனை ஒருமுறை முழுக்கப் பார்ப்போம் என்றேன். இந்த வேலைதான் இரண்டு பேரையும் உலுக்கியது.

கீபோர்டின் கிளிப்போர்டு (காப்பி செய்தவை தங்கும் இடம்) வரலாற்றைத் திறந்தால், அழியாமல் நிற்கும்படி குத்தி வைத்த (pin) நிலையில் இரண்டு பாஸ்வேர்டுகள். அடிக்கடி தேவைப்படுகிறதே என்று அவரே எப்போதோ குத்தி வைத்தது. கைரேகைக்குப் பின்னால் இருக்க வேண்டியது, யார் போனை வாங்கி ஒரு மெசேஜ் அடிக்க ஆரம்பித்தாலும் தெரியும் இடத்தில் கிடந்தது. கிளிப்போர்டு என்பது போனில் பொது இடம் மாதிரிதான். ஆண்ட்ராய்டு 10-க்கு முன்னால் பின்னணியில் ஓடும் எந்தச் செயலியும் அதைப் படிக்கலாம், 10-லிருந்து திரையில் இருக்கும் செயலியும் இயல்பு கீபோர்டும் மட்டுமே படிக்க முடியும். ஆண்ட்ராய்டு 13 சிறிது நேரம் கழித்துக் கிளிப்போர்டைத் தானே அழித்துவிடும். ஐபோனில் 2020-ல் வந்த ஐஓஎஸ் 14, எந்தச் செயலி கிளிப்போர்டைப் படிக்கிறது என்று காட்ட ஆரம்பித்தது, அப்போது எத்தனை பிரபலமான செயலிகள் சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருந்தன என்று வெளியே வந்து பெரிய பேச்சாயிற்று. அதுவும் போக, ஆப்பிள் சாதனங்களில் ஒன்றில் காப்பி செய்தது பக்கத்தில் இருக்கும் மற்ற சாதனத்திலும் ஒட்டும்படி கிடைக்கும். பழைய போன் வைத்திருப்பவர்கள் தங்களுடையது எந்தப் பதிப்பு என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

கேலரியில் அந்தக் குறிப்பின் ஸ்கிரீன்ஷாட் இருந்தது. சிங்க் ஒருமுறை வேலை செய்யாதபோது டேப்லெட்டுக்கு அனுப்ப எடுத்தது. கேலரி தானாகக் கிளவுடுக்கு ஏறும் அமைப்பில் இருந்தது, ஆக அதுவும் ஏறிவிட்டது, எந்தக் குறியாக்கக் கவலையும் இல்லாமல். இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி கண்டுபிடித்துச் சொன்ன ஸ்பார்க்கேட் என்கிற தீம்பொருள், கூகுள் பிளே, ஆப்பிள் ஆப் ஸ்டோர் இரண்டிலும் இருந்த செயலிகளுக்குள் ஒளிந்துகொண்டு, கேலரிக்கு அனுமதி வாங்கி, படங்களில் உள்ள எழுத்துகளைப் படித்து, வாலெட் சொற்தொடர் இருக்கும் படங்களை மட்டும் பொறுக்கி அனுப்பியது. படத்தில் இருக்கும் எழுத்தை யார் படிக்கப் போகிறார்கள் என்பதெல்லாம் பழைய கதை.

டவுன்லோடு ஃபோல்டரில் செயலியிலிருந்து எடுத்த எக்ஸ்போர்ட் கோப்பு, சாதாரண எழுத்து வடிவில். செயலியை மாற்றலாமா என்று யோசித்த காலத்தில் எடுத்தது. அதே கோப்பு அவருடைய மின்னஞ்சலின் அனுப்பியவை பகுதியிலும் ஒன்று, தனக்குத்தானே அனுப்பிக்கொண்டது. இதைக் கண்டதும் எங்கள் கணக்கே மாறிவிட்டது, ஏனென்றால் அந்த மாலை அவர்கள் உள்ளே இருந்தது அதே மின்னஞ்சலில். தேடிப் பார்த்தார்களா என்று சொல்ல வழியில்லை, பார்த்திருப்பார்கள் என்றே வைத்துக்கொண்டு அதில் இருந்த எல்லாக் கணக்குகளின் பாஸ்வேர்டையும் மாற்றினோம். குறியாக்கம் செய்த குறிப்பு பத்திரமாக இருக்க, அதன் குறியாக்கம் இல்லாத நகல் பக்கத்திலேயே கிடந்திருக்கிறது.

செயலிக்குள்ளேயே இரண்டு சிக்கல்கள். போனிலும் டேப்லெட்டிலும் ஒரே நேரத்தில் திருத்தியதில் முரண்பட்ட நகல் என்று இன்னொரு குறிப்பு உருவாகியிருந்தது, எதில் இருப்பது புதிய பாஸ்வேர்டு என்று அவருக்கே தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒரே குறிப்பில் வைத்தால் இது எப்போதாவது நடந்தே தீரும். இன்னொன்று, சமீபத்தில் திறந்த செயலிகளின் பட்டியலைத் திறந்தால் அந்தக் குறிப்பின் சிறு படம் பாஸ்வேர்டுகளோடு தெரிந்தது. ஆண்ட்ராய்டில் செயலி எழுதுபவர்கள் இதைத் தடுக்க ஒரு வழி உண்டு, அதைச் செய்தால் ஸ்கிரீன்ஷாட்டும் எடுக்க முடியாது. பாஸ்வேர்டு மேனேஜர்கள் பெரும்பாலும் இதை இயல்பாகவே போட்டிருக்கும். நோட்ஸ் செயலியில் சிலவற்றில் அமைப்புகளுக்குள் தேடினால் கிடைக்கும், சிலவற்றில் கிடையாது.

அவர் போனில் தீம்பொருள் எதுவும் இல்லை. இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே வேறு மாதிரி இருந்திருக்கும். ஆண்ட்ராய்டில் அணுகல்தன்மை (மாற்றுத்திறனாளிகளுக்கு உதவ, திரையைப் படிக்கவிடும் வசதி) அனுமதியை ஏமாற்றி வாங்கிக்கொள்ளும் டிரோஜன் வகைத் தீம்பொருள்கள் திரையில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே படிக்கும். 2020-ல் செர்பெரஸ் என்ற டிரோஜன், உள்நுழைவுக் குறியீடுகளை உருவாக்கித் தரும் கூகுள் ஆதென்டிகேட்டர் செயலியின் குறியீடுகளையே இப்படிப் படிக்கக் கற்றிருந்ததை ஆய்வாளர்கள் காட்டினார்கள். குறியாக்கம் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் திரைக்கு வரும்போது சாதாரண எழுத்துதான். ஒரு பாஸ்வேர்டு வேண்டும் என்று திறந்தால் அத்தனை பாஸ்வேர்டுகளையும் திரையில் விரிக்கும் நோட்ஸ் குறிப்பு, இந்த விஷயத்தில் ரொம்பவே தாராளம்.

மேனேஜர் என்ன வித்தியாசமாகச் செய்திருக்கும்

அந்த மாலை ஒரு பாஸ்வேர்டு மேனேஜர் இருந்திருந்தால், போலிப் பக்கத்தில் அது எதையும் காட்டியிருக்காது. ஒவ்வொரு பாஸ்வேர்டும் எந்த டொமைனுக்கு (இணையதள முகவரிக்கு) உரியது என்று அதற்குத் தெரியும், டொமைன் பொருந்தினால்தான் நிரப்பும். ஆண்ட்ராய்டில் 8-ஆம் பதிப்பிலிருந்தும் (2017), ஐபோனில் ஐஓஎஸ் 12-லிருந்தும் (2018) இந்த ஆட்டோஃபில் வசதி வெளிச் செயலிகளுக்கும் திறந்திருக்கிறது. வழக்கமாகத் தானே நிரம்பும் இடத்தில் இன்றைக்கு நிரம்பவில்லையே என்பதே ஒரு எச்சரிக்கை. முகவரியில் சிறு கோட்டுக்கும் புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை மனிதக் கண் தவறவிடும், மென்பொருள் தவறவிடாது. என்னைப் பொறுத்தவரை மேனேஜரின் மிகப் பெரிய பயன் இதுதான், சேமிப்பது எல்லாம் இரண்டாம்பட்சம்.

மேனேஜர்களும் குறையில்லாதவை அல்ல. 2023 டிசம்பரில் பிளாக் ஹாட் ஐரோப்பா மாநாட்டில் ஹைதராபாத் ஐஐஐடி ஆய்வாளர்கள் ஆட்டோஸ்பில் என்று ஒரு குறையைக் காட்டினார்கள். ஆண்ட்ராய்டில் ஒரு செயலிக்குள் திறக்கும் உள்நுழைவுப் பக்கத்தில் மேனேஜர் நிரப்பும் பாஸ்வேர்டு, அந்தச் செயலியின் சொந்தக் கட்டங்களுக்குள் கசியக்கூடும் என்று. உண்மையான குறைதான். ஆனால் கிளிப்போர்டு வழியாகத் தினமும் கையால் எடுத்துப் போவதோடு ஒப்பிட்டால், நான் எந்தப் பக்கம் நிற்பேன் என்பதில் எனக்குத் தயக்கமில்லை.

நண்பரின் சர்வர் பயத்துக்கும் வழி இருக்கிறது. கீபாஸ் என்ற மேனேஜரின் வடிவில் குறியாக்கம் செய்த பாஸ்வேர்டு கோப்பு ஒன்றை நம்மிடமே வைத்துக்கொள்ளலாம், ஆண்ட்ராய்டில் கீபாஸ்டிஎக்ஸ், ஐபோனில் கீபாஸியம் போன்றவை அதைத் திறந்து ஆட்டோஃபில்லும் செய்யும், எந்த நிறுவனத்தின் சர்வரும் நடுவில் தேவையில்லை. அந்தக் கோப்பை எங்கே வைப்பது, எப்படி நகல் எடுப்பது என்பது நம் பொறுப்பு. நோட்ஸை இத்தனை நாள் ஒழுங்காகப் பராமரித்தவருக்கு அது பெரிய வேலையில்லை, அவர் இதைத்தான் தேர்ந்தெடுத்தார். அந்தக் கோப்பு வடிவத்தைப் பல செயலிகள் படிக்கும் என்பதும் எனக்குப் பிடித்த காரணம். குறியாக்கம் உள்ள ஆவணச் செயலியும் கொண்டிருந்த ஸ்கிஃப் 2024-ல் நோஷன் நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, அதே ஆண்டிலேயே மூடப்பட்டது. அதில் பாஸ்வேர்டு வைத்திருந்தவர்கள் கெடுவுக்குள் எக்ஸ்போர்ட் செய்துகொண்டு ஓட வேண்டியிருந்தது, எக்ஸ்போர்ட் கோப்பு என்ன பாடு படுத்தும் என்று மேலே பார்த்தோம்.

நோட்ஸே போதும் என்று இருக்கலாமா? என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். எல்லா இடத்திலும் ஒரே பாஸ்வேர்டு வைப்பதோடு ஒப்பிட்டால், நல்ல குறியாக்கம் உள்ள நோட்ஸ் செயலி பல மடங்கு மேல், அதில் இருப்பவரைப் பயமுறுத்தி வெளியேற்றிவிட்டு மாற்று எதுவும் கொடுக்காமல் விடுவது தவறு. இப்போதைக்கு அதில்தான் இருப்பேன் என்பவர் ஒரு கணக்குக்கு ஒரு குறிப்பு என்று பிரிக்கலாம், தலைப்பில் ரகசியம் எதுவும் எழுதாமல் இருக்கலாம், பாஸ்வேர்டைத் தனி வரியில் வைத்தால் நீலப் பிடிகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். பாஸ்வேர்டைத் தானாக உருவாக்கும் கருவி ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும், பொதுச் சொல்லும் வாலும் வேண்டவே வேண்டாம். லிங்க்கைத் தொட்டுப் போன பக்கத்தில் ஒட்டாமல், தானே முகவரி அடித்தோ செயலியைத் திறந்தோ போன இடத்தில் மட்டும் ஒட்டுவது என்று ஒரு பழக்கம் வந்துவிட்டால் இந்த நிகழ்வே நடந்திருக்காது. ஆனால் பழக்கத்தை நம்பி இருப்பது எத்தனை நாள் என்பதுதான் என் கவலை, களைப்பாக இருக்கும் ஒரு நாள் போதும்.

பாஸ்வேர்டுக்குப் பதிலாகச் சாதனமே டிஜிட்டல் கையெழுத்துப் போட்டு உள்நுழைய வைக்கும் பாஸ்கீ கிடைக்கும் இடங்களில் அதற்கே போய்விடுவது மேல். அதில் ஒட்டுவதற்கு எழுத்தே கிடையாது, டொமைன் பொருந்தாவிட்டால் கையெழுத்தே போடாது, ஆக போலிப் பக்கத்துக்குக் கொடுக்க நம்மிடம் ஒன்றும் இருக்காது. நோட்ஸ் குறிப்பில் அதை எழுதி வைக்கவும் முடியாது. 2023-லிருந்து ஆண்ட்ராய்டு 14, ஐஓஎஸ் 17 இரண்டும் வெளி மேனேஜர்களும் பாஸ்கீயை வைத்துக்கொள்ள இடம் கொடுத்திருக்கின்றன.

நண்பர் மாற்றிய வரிசையையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். முதலில் மின்னஞ்சல், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்கின் மீட்பு வழியும் அங்கேதான் முடிகிறது. அடுத்துப் பணம் சம்பந்தப்பட்டவை. மற்றவற்றை உள்நுழையும்போதெல்லாம் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல். பேக்கப் குறியீடுகளை மேனேஜரில் போடவில்லை, காகிதத்தில் எழுதி வேறு இடத்தில் வைத்தார், பாஸ்வேர்டும் அதற்கு மாற்றான குறியீடும் ஒரே பெட்டியில் இருந்தால் இரண்டாவது அடுக்கு என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை. மாஸ்டர் பாஸ்வேர்டும் ஒரு காகிதத்தில், வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்த இடத்தில்.

நோட்ஸ் செயலியை அவர் விடவில்லை, நான் விடச் சொல்லவும் இல்லை. சாதனங்களின் வரிசை எண்கள், காப்பீட்டு விவரங்கள், யாருக்குச் சொல்ல வேண்டும் என்கிற குறிப்புகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன, அந்த வேலைக்கு அது அருமையான கருவி. பழைய பாஸ்வேர்டு குறிப்பை அழிக்கும்போது மட்டும் கவனமாக இருந்தோம். அழித்தது குப்பைத்தொட்டியில் இருந்தது, குப்பைத்தொட்டியைக் காலி செய்தோம், முரண்பட்ட நகலைத் தனியாக அழித்தோம், டேப்லெட்டைத் திறந்து சிங்க் ஆகும்வரை காத்திருந்து அங்கேயும் போய்விட்டதா என்று பார்த்தோம். கேலரியில் அழித்த ஸ்கிரீன்ஷாட், சமீபத்தில் நீக்கியவை பகுதியில் முப்பது நாள் வரை கிடக்கும் என்று காட்டியது, அங்கிருந்தும் எடுத்தோம்.